ஒரு விரற்கடை கீழே

எம்மெட் சௌடர்ஸுக்கு ஒரு மனிதனைப் பிடிக்காமல் போக ஒரு திருகாணி போதும். கூட்டல் குறி போட்ட தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கோட்டுத் தலை இருந்துவிட்டால் அந்த ஆளோடு அப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது. பழைய கார்க்காரர்கள் சங்கத்தில் முப்பது வருடம் நடுவராக இருந்தவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான் என்பார்களே, அதெல்லாம் அவனுக்குக் குறைச்சல். கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு காருக்கு அடியில் மல்லாந்து போவான். எண்ணெய்க் கறையோடு வெளியே வந்து, "ரெண்டு கிளிப்பு நகல், மூணு மார்க் போச்சு" என்பான். காரின் சொந்தக்காரன் முகம் செத்துப் போகும்.

அவனுடைய கட்சி ஒன்றே ஒன்றுதான். கார் ஃபேக்டரி வாசலைத் தாண்டி வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அழகாக அல்ல, அப்படியே. பெயின்ட் வழிந்திருந்தால் வழிந்தபடி, பசை பிதுங்கியிருந்தால் பிதுங்கினபடி. "ஃபேக்டரி செஞ்ச தப்பைத் திருத்தறவன் காரைத் திருத்தலை, கெடுக்கறான்" என்று சங்கத்து விதிப்புத்தகத்தில் எழுதி வைத்ததே அவன்தான்.

நான் அவனுக்குப் பக்கத்து வீடு. மிச்சிகனில் இந்த பெல்ஹேவன் ஊருக்கு ஆர்கன்சாவிலிருந்து என் அப்பா வேலை தேடி வந்தார். எம்மெட்டின் அப்பாவும் அங்கிருந்துதான். ஃபேக்டரி எங்களையெல்லாம் வாங்கிப் போட்டது. எம்மெட் இரவு ஷிப்டு, பெயின்ட் பிரிவு. அவன் மனைவி நெல்டாவும் நானும் பகல் ஷிப்டு, டிரிம் லைன். காருக்கு மேக்கப் போடுகிற இடம் என்று எங்களைக் கேலி செய்வார்கள். குரோம் பட்டை, பெயர்த் தகடு, கதவுக்கு உள் அட்டை, எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும்.

எம்மெட்டின் கார் எழுபதாம் வருடத்துப் பச்சை. இரண்டு கதவு, வீட்டையே இழுத்துக்கொண்டு போகிற இன்ஜின். ஒரு துளி புதுப் பெயின்ட் பட்டதில்லை. அதில் ஒரே ஒரு குறை. இடது முன் மட்கார்டில் பதித்த பெயர்த் தகடு பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். தூங்கி வழிகிறவன் தலை மாதிரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் கார் கழுவும்போது அந்த இடத்துக்கு வந்ததும் எம்மெட்டின் வாய் திறக்கும்.

"எந்த மடையன் மாட்டினானோ. கண்ணு பொடனியில இருந்திருக்கும்."

நெல்டா சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருப்பாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு பேருமே அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம். நாற்பத்தெட்டு வருடம் இப்படியே போனது.

அந்த மடையன் நெல்டாதான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். எம்மெட்டோ, இது ஃபேக்டரி வேலையே இல்லை, விற்ற கடையில் எவனோ கழற்றி மாட்டிய வேலை என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தான். ஃபேக்டரியில் அச்சுத் தகட்டை மட்கார்டில் வைத்து, அதிலுள்ள துளை வழியாகத்தான் டிரில் போடுவார்கள். அச்சு எப்படிச் சாயும் என்பது அவன் வாதம்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜூனில் ஒரு பேய்க்காற்று அடித்தது. எம்மெட் வீட்டு மேப்பிள் மரக்கிளை கராஜின் கூரையைப் பிய்த்துக்கொண்டு காரின் இடது முகத்தில் விழுந்தது. சக்கர வளைவின் குரோம் பட்டை மடங்கிவிட்டது. பெயர்த் தகடு மூன்று துண்டு. மட்கார்டுக்கு மட்டும் ஒரு கீறலோடு போயிற்று. எம்மெட் மழையில் நின்று அந்த மூன்று துண்டையும் கைக்குட்டையில் பொறுக்கியதைப் பார்த்தேன். எழுபத்துநாலு வயது ஆள், குடைகூட எடுக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் சங்கத்தின் கண்காட்சி. இத்தனை காலம் நடுவராக இருந்ததால் அவன் கார் போட்டிக்குள் போனதில்லை. இந்த வருடம்தான் பதவி விட்டு, 'கைபடாத கார்' பிரிவில் பெயர் கொடுத்திருந்தான். கிளை விழுந்த மறுநாளே பட்டையைத் தட்டி நிமிர்த்திவிட்டு, தகட்டுக்கு வேட்டை தொடங்கிவிட்டான். எனக்கும் வேறு வேலை இல்லை, கூடவே போனேன். ஒஹையோவில் ஒரு சந்தை, இந்தியானாவில் இரண்டு. தகடு எல்லா இடத்திலும் கிடைத்தது, எல்லாம் நகல். நகலை எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்றால், எழுத்துக்குள் பூசிய கருப்பு ரொம்பச் சுத்தமாக இருக்குமாம். ஃபேக்டரி வேலை அத்தனை சுத்தமாக இருக்காது. கடைசியில் ஒரு பாழடைந்த உதிரிப்பாகக் கடைக்காரரின் விதவையிடம், எலி கடித்த அட்டைப்பெட்டியில், பிரிக்காத அசல் தகடு ஒன்று கிடைத்தது. வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

பழைய துளைகளிலேயே புதியதை மாட்டிவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் தாழ்ந்த தகடு மறுபடி தாழ்ந்துதானே நிற்கும்?

"பழைய ஓட்டையை அடைச்சிட்டு சரியான இடத்துல போடப்போறேன்" என்றான். "கடைக்காரன் செஞ்ச தப்பு. ஃபேக்டரி நினைச்ச இடத்துக்கு நான் கொண்டுபோறேன்."

அன்று மாலை அவன் பெயின்ட் கலக்க ஆள் பார்க்கப் போயிருந்தபோது நான் நெல்டாவின் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பன்றி எலும்பு போட்ட பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. புழுக்கம். சோள ரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நெல்டா, அவன் அந்த ஓட்டையை அடைக்கப் போறான்."

"தெரியும்."

"அடைச்சிட்டா திரும்ப வராது."

"தெரியும்னு சொல்றேன்ல. அந்தத் தக்காளியை நறுக்கறியா, இல்ல சும்மா உக்காந்து பெருமூச்சு விடப்போறியா?"

நறுக்கினேன்.

"நீ சொல்லிடு நெல்டா."

"என்னன்னு? நாப்பத்தெட்டு வருஷமா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நீ திட்டின மடையன் உன் பொண்டாட்டிதான்னா?"

"ஆமா, அப்படியே."

"தாங்குவானா?"

"அவன் தாங்கறது இருக்கட்டும். நீ தாங்குவியா?"

மாவுக் கரண்டியை வைத்தாள். "அவன் ஒரே ஒரு வாட்டி கேட்டிருக்கலாம் ஆர்லிஸ். காரு வாங்கப் போன அன்னைக்குக் கடையில சிவப்பும் நின்னுச்சு. அவனுக்குச் சிவப்புதான் ஆசை. நான் போயி பச்சைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டேன், நகரலை. ஏண்டி இதுன்னு கேக்கலையே. எனக்குப் பச்சையே ஆகாது. என் உடம்புல ஒரு பச்சைத் துணி பாத்திருக்கியா நீ?"

பார்த்ததில்லை.

"அதுக்கு ஒரு கல்லறைக் கல்லு கிடையாது. பேரு கிடையாது. ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது. அது இருந்துச்சுங்கறதுக்கு உலகத்துல இருக்கறது அந்தச் சாய்வு ஒண்ணுதான்."

"அப்ப நான் சொல்லட்டுமா?"

"சொல்லேன்" என்றாள் கோபமே இல்லாமல். "நீ அன்னைக்கு எங்க இருந்தேன்னும் சேத்துச் சொல்லு."

இதை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். லைனில் வேலை செய்கிறவன் நினைத்த நேரத்துக்கு ஒதுங்க முடியாது. நிமிடத்துக்கு ஒரு கார் வரும். ஒதுங்க வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், ரிலீவர் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வான். எழுபதாம் வருடம் மார்ச் மாதம் எங்கள் வரிசைக்கு ரிலீவர் நான். வயது இருபத்தொன்று. டயர் அடுக்குக்குப் பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்தேன், கையில் நல்ல சீட்டு. நெல்டா கையைத் தூக்கியதை ஒருவன் வந்து சொன்னான். இந்த ஆட்டம் முடியட்டும் என்றேன். இருபது நிமிடம். போய்ப் பார்த்தபோது அவள் அச்சுத் தகட்டை வயிற்றால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு டிரில் போட்டுக்கொண்டிருந்தாள். ரத்தம் கால் வழியாக இறங்கியிருந்தது. ஐந்து மாதக் கர்ப்பம். வயிறு தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாள். நான் டிரில்லை வாங்கிக்கொண்டேன். முன்னால் நகர்ந்து போன பச்சைக் காரில் தகடு சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். கத்தியிருக்கலாம், கத்தவில்லை. அடுத்த கார் வந்துவிட்டது.

எம்மெட்டுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை; இரவு ஷிப்டு முடிந்து காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். குழந்தைக்கென்று மஞ்சள் அடித்து வைத்திருந்த சின்ன அறைக்கு அன்றே வெள்ளை அடித்தான். அதற்கப்புறம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சும் இல்லை. மே மாதம் அந்தப் பச்சைக் கார் பக்கத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது இடது மட்கார்டைத்தான். காரின் கூரைக்கு மேலாக நெல்டா என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து சொல்றேன்" என்றாள் நெல்டா, ரொட்டியை அடுப்புக்குள் தள்ளிவிட்டு. "அதுக்கு முன்னாடி வாயைத் திறந்தா நானே அழுதுடுவேன். சாமி கும்பிட்டுட்டு வந்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மழை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஈரக் காற்றில் பெயின்ட் பிடிக்காது. எம்மெட் சனிக்கிழமை காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டான். நெல்டா அவள் தங்கை ஊருக்குப் போயிருந்தாள், ராத்திரிதான் திரும்புவாள். வேலிக்கு மேலாக என்னைக் கூப்பிட்டான்.

நான் போனபோது மட்கார்டைச் சுற்றி ஈரத் துணி கட்டியிருந்தான், சூட்டில் பக்கத்துப் பெயின்ட் பொரியாமல் இருக்க. துளைகள் இரண்டும் சுரண்டிச் சுத்தமாக, இரும்பு மினுங்கிக்கொண்டு இருந்தன. துளைக்குப் பின்னால் பித்தளைத் துண்டை முட்டுக்கொடுத்துப் பிடிக்க அவனுக்கு இன்னொரு கை வேண்டும். அது என் கை.

"எம்மெட், இது ஃபேக்டரி வேலையாவே இருந்துட்டா?"

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். "நீதானேடா அங்க வேலை பாத்த. அச்சு சாயுமா?"

"அச்சைப் பிடிக்கிற கை சாயலாம்ல."

"யாரு கை?"

பித்தளைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நெல்டா பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான். அதற்கடுத்த கேள்வி எனக்குத் தெரியும்.

"பொதுவாச் சொன்னேன்" என்றேன்.

"பொதுவாச் சொல்றதுக்கெல்லாம் மார்க் கிடையாது. பித்தளையை நல்லா அழுத்திப் பிடி."

பிடித்தேன். அவன் சின்னச் சுடரை வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பற்ற வைத்தான். ஒவ்வொரு சொட்டுக்கும் நிறுத்தி, ஈரத் துணியால் ஒற்றி, ஆறவிட்டு. கை நடுங்குகிற வயதிலும் அந்த வேலையில் நடுங்கவில்லை. அரம் போட்டான், உப்புத்தாள் போட்டான், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பச்சையை ஊதினான். நாலு மணிக்கு அங்கே துளை இருந்ததென்று அடித்துச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். புது இடத்தில் அளந்து டிரில் போட்டுத் தகட்டை மாட்டினான். மயிரிழை பிசகாமல் நேராக நின்றது. நான் வீட்டுக்குப் போய் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், அதில் யாருக்கு என்ன லாபம்.

மறுநாள் மழை வரவே இல்லை. நெல்டா சர்ச்சுக்குப் போன நீலக் கவுனோடு நேராக கராஜுக்கு வந்தாள். வரும்போதே ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி வந்தாள். மட்கார்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"பாத்தியா?" என்றான் எம்மெட். "இப்பதான் காரு காரா இருக்கு."

அவள் பழைய இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். வழவழவென்று இருந்திருக்கும். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"நல்லா இருக்கு எம்மெட்" என்றாள். "பீன்ஸ் சூடு பண்றேன், வா."

அதற்கப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவளும் விட்டாள், நானும் விட்டேன்.

கண்காட்சி ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை, மாவட்டச் சந்தைத் திடலில். வெயில் மண்டையைப் பிளந்தது. முந்நூறு கார். சாசேஜ் சுடுகிற புகை. நெல்டாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு எம்மெட் பச்சைக் காரிலேயே வந்திருந்தான். விண்ணப்பத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை. 'இடது மட்கார்டு: விற்பனைக் கடையின் பிழை, ஃபேக்டரி நிலைக்குத் திருத்தப்பட்டது' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா.

நடுவர் ஒரு சின்ன வயதுக்காரர், வாண்டர்மீர் என்று பெயர். ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார்.

"சௌடர்ஸ் சார், கடைக்காரன் தப்புன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"ஃபேக்டரில இப்படிப் போகாது தம்பி. நான் எத்தனை காரு பாத்திருப்பேன்."

"கொஞ்சம் என்கூட வரீங்களா?"

மூன்றாவது வரிசையில் இந்தியானாவிலிருந்து வந்த ஒரு பழுப்புக் கார் நின்றது. இடது மட்கார்டில் பெயர்த் தகடு பின்பக்கம் தாழ்ந்திருந்தது. ஒரு விரற்கடை.

"இதோட நம்பர் உங்க நம்பருக்கு ஏழு முந்தி. அதே நாள், அதே ஷிப்டு. போன வருஷம் பென்சில்வேனியாவுல இன்னொண்ணு பாத்தோம், அதுவும் இப்படித்தான். அன்னைக்கு லைன்லயே அப்படித்தான் போயிருக்கு." அவருக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. "விதி உங்களுக்கே தெரியும் சார். என்னால இந்தப் பிரிவுல வச்சுக்க முடியாது."

எம்மெட் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தான். மறுபடி அளந்தான். மூன்றாவது தடவை டேப் கையிலிருந்து நழுவிச் சுருண்டுகொண்டது.

"அசலை நானே அழிச்சிருக்கேன்" என்றான். "நானே." பிறகு யாரையாவது அடிக்க வேண்டும் போல் சுற்றிப் பார்த்தான். "எந்த மடையன்டா அது? வரிசையா இத்தனை காரை இப்படிப் பண்ணிவிட்டிருக்கான்?"

"நான்தான்" என்றாள் நெல்டா.

எலுமிச்சைச் சாறு இரண்டு கையிலும் வைத்திருந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேசினாள். குரல் உயரவில்லை.

"இடது பக்கம் என் இடம். மத்தியானம் மூணு மணிக்கு வலி வந்துச்சு. கையைத் தூக்கினேன், ரிலீவர் வரலை. ஃபோர்மேன் லைனை நிறுத்த முடியாதுன்னுட்டாரு. அச்சை வயித்தால அமுக்கிப் பிடிச்சேன். கை எங்க போச்சுன்னு யாரு பாத்தா."

"எந்த மாசம்?" என்றான் எம்மெட். கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. காரைப் பிடித்துக்கொண்டான்.

"மார்ச்" என்றாள். "கடையில அந்தத் தகட்டைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் பச்சை."

வாண்டர்மீர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பயல் அந்த ரிலீவர்?"

நெல்டா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ ஒருத்தன். முகம் ஞாபகமில்லை."

நான் ஒரு கஜ தூரத்தில் அந்தக் காகிதக் கோப்பையோடு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்புகையில் நான் பின் சீட்டில் இருந்தேன். எம்மெட் நாற்பது மைலுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். இரண்டு பக்கமும் சோளக்காடு. ஊர் எல்லைப் பலகை தாண்டியதும் எம்மெட் சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"பையனா, பொண்ணா?"

நெல்டா ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி ஏற்றினாள்.

"தெரியாது" என்றாள். "துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. காலை வரைக்கும் வச்சிருப்போம், கேட்டா காட்டுவோம்னு நர்ஸ் சொன்னா. எனக்குத் தனியாப் பாக்கப் பயமா இருந்துச்சு. நீ வந்ததும் காட்டச் சொல்லிக் கேப்பியாக்கும்னு நினைச்சேன்."

எம்மெட் இண்டிகேட்டரைப் போட்டு எங்கள் தெருவுக்குள் காரைத் திருப்பினான்.